நிலம் ஆடாமல் எழுந்த அலை: மேகமலையில் ஒரு நாள்

பதினோரு மாதம் கழித்து எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை முன்பிருந்தே படிப்பவர்களுக்குத் தெரியும், நானும் எங்கள் வீட்டுக்காரரும் மொபெட்டிலும் பஸ்ஸிலும் போய் வந்த ஊர்களைத்தான் இதில் எழுதுவேன். நான் எட்டாவது வரை படித்தவள். எழுதி முடித்ததும் அவர் ஒருமுறை படித்துவிட்டு, கிலோமீட்டர் தப்பு, பஸ் நேரம் தப்பு என்று திருத்துவார். இந்த முறை தப்பு இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். போன ஐப்பசியில் அவர் தண்ணீரில் போய்விட்டார்.

எப்படிப் போனார் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஆனாலும் போன இடம் அவ்வளவு அழகு, அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் மயிலாடும்பாறைக்குப் பக்கம். ஊருக்கு வடக்கே கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. கல் எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நின்று, இப்போது ஆழமான குளம் மாதிரி கிடக்கிறது. அதன் ஒரு கரையில், குவாரி நடந்த காலத்தில் வேண்டாத மண்ணையும் சில்லுக் கல்லையும் கொட்டிக் கொட்டி உண்டான மேடு, இரண்டு பனை உயரம். அதற்கு நேர் எதிர்க்கரையில் லாரி இறங்கி ஏறிய சரிவுப் பாதை. அவர் ஆடுகளைக் குளிப்பாட்ட மேட்டுப் பக்கம்தான் போவார், அங்கே ஓரத்தில் ஒரு வேப்பமரம் நிழல் தரும். ஐப்பசி மழையில் மேட்டில் வெடிப்பு விட்டிருந்ததை நான் பார்த்தேன். "அந்தப் பக்கம் மண்ணு சரியப் போகுது, எதுத்த கரைக்குப் போங்க" என்று சொன்னேன். நான் சொன்னால் கேட்கிற மனுசன். போனார்.

மூன்றாம் நாள் மேடு சரிந்தது. எதிர்க்கரையில் நின்ற அவரையும் இரண்டு ஆடுகளையும் காணவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த அழகுத்தாய் ஒருத்திதான் பார்த்தவள். "தண்ணி எந்திரிச்சு நடந்து வந்துச்சுக்கா" என்றாள். ஊர் ஓடி வந்தபோது தண்ணீர் அசையாமல் கிடந்தது. "மண்ணு விழுந்தது அந்தக் கரை, ஆளு செத்தது இந்தக் கரை, இது எப்படி?" என்று கேட்டார்கள். சுனாமி என்றால் கடலில் வரும், அதுவும் பூமி ஆடினால்தான் வரும் என்பது எல்லாருக்கும் டிவியில் பார்த்துத் தெரியும். கரையில் ஒரு பிராந்தி பாட்டில் கிடந்தது. அங்கே எப்போதும் பத்து பாட்டில் கிடக்கும். குடித்துவிட்டு ஆட்டைப் பிடிக்க இறங்கியிருப்பான் என்று முடித்துவிட்டார்கள். அவர் குடியை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

எனக்கு இரண்டு கேள்வி இருந்தது. ஒன்று, அழகுத்தாய் சொன்னது நடக்கக்கூடிய காரியமா. இரண்டாவதை யாரிடமும் கேட்டதில்லை. நடக்கும் என்றால், அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது நான்தானே.

என் பழைய கட்டுரை ஒன்றின் அடியில் நடந்ததைச் சுருக்கமாக எழுதி, இனி எழுதுவேனா தெரியவில்லை என்று போட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு கோமதி என்ற வாசகர் பதில் எழுதினார். கடற்கரை ஊர் ஒன்றில் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுப்பவர். என் மகள் வயதுதான் இருக்கும். "அக்கா, உங்க ஊர்க்காரம்மா சொன்னது பொய்யா இருக்கணும்னு அவசியமில்ல. சுனாமி வர நிலநடுக்கம் வேணும்னு இல்ல" என்று தொடங்கி, வாய்ஸ் மெசேஜாக ஏழெட்டு அனுப்பினார். அதோடு, மலைமேல் அணைகளில் வேலை செய்பவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்றார். என் மருமகனுக்குப் பெரியப்பா முறையில் சுப்பையா அண்ணன் என்று ஒருவர் மேகமலையில் ஒரு நீர்த்தேக்கத்தில் மட்டம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். தினமும் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து எழுதுகிற வேலை. கல்யாண வீட்டில் ஒருமுறை அவர், தண்ணீர் தன்னைத் துரத்தியதாகச் சொல்ல எல்லாரும் சிரித்தது ஞாபகம் வந்தது. மருமகன் போன் போட்டுச் சொல்லிவைத்தார்.

புரட்டாசி இரண்டாவது வியாழக்கிழமை கிளம்பினேன். காலை 4.50க்கு ஊர் விலக்கில் பஸ். தேனி முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 6.05க்குப் புதுப் பஸ் நிலையத்தில் இறங்கினேன். சாதாரண டவுன் பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அங்கே ஒரு டீ, இரண்டு வடை. 6.25க்குக் கம்பம் பஸ் ஏறி, 7.10க்குச் சின்னமனூர். இது இருபத்து மூன்று கிலோமீட்டர். முல்லையாற்றுத் தண்ணீரில் இரண்டு பக்கமும் நாற்று நட்டு முடித்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு குடம் தண்ணீருக்கு நடக்கிற நடைக்கும் இந்தப் பக்கத்து வாய்க்கால் ஓடுகிற ஓட்டத்துக்கும் ஒரே மாவட்டம் என்றால் நம்ப முடியாது. பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே போனேன்.

மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்துதான் மேலே போக வேண்டும். நான் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நெடுநேரம் ஆகும் என்றார்கள். மேலே எஸ்டேட் கடைகளுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று மார்க்கெட் வாசலில் நின்றது. டிரைவர் பெயர் மாரி, முப்பத்தைந்து வயது இருக்கும். நூற்று இருபது ரூபாய், முன் சீட்டு.

"எங்கனக்கா போறீக? தனியாவா?"

"மேகமலைக்கு. சொந்தக்காரக வீட்டுக்கு."

"நல்லதாப் போச்சு. ரீல்ஸ் எடுக்க வர்ற கூட்டத்த ஏத்தி ஏத்தி எனக்கே ஆட்டம் வந்துருச்சு. மடியில அந்த முட்டைக்கோசு மூட்டைய வச்சுக்கிருங்க. பதினெட்டு வளைவு இருக்கு. எண்ணிக்கிட்டே வந்தா வாந்தி வராது."

எண்ணிக்கொண்டே போனேன். அடிவாரத்தில் வனத்துறை சோதனைச் சாவடி இருக்கிறது. காலை ஆறுக்கு முன்னாலும் மாலை ஆறுக்குப் பின்னாலும் விடமாட்டார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பூவின் பெயர் எழுதிய பலகை. பாதிப் பூவை நான் பார்த்ததில்லை. ரோடு நன்றாக இருக்கிறது. ஏழாவது வளைவில் மாரி வண்டியை ஓரங்கட்டினார். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க விரித்துப் போட்ட மாதிரி கிடந்தது. பச்சைக் கட்டம் கட்டமாக வயல், தென்னை, திராட்சைப் பந்தல், நடுவில் மினுங்குகிற ஆறு. எங்கள் வீட்டுக்காரர் கூட இருந்திருந்தால் இந்த இடத்தில் பீடி பற்ற வைத்திருப்பார் என்று தோன்றியது.

மேலே சிக்னல் கிடைக்காது என்பதால் கோமதி அனுப்பியதை முன்பே இறக்கி வைத்திருந்தேன். காதில் மாட்டுகிற ஒயர் என்னிடம் இல்லை. சத்தமாகவே போட்டேன். மாரியும் கேட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஒரு அண்டா நிறைய தண்ணி இருக்குன்னு வைங்க. அண்டாவோட அடித்தகடு சட்டுனு மேல எழும்பினா தண்ணியும் எழும்பும். நிலநடுக்கத்துல வர்ற சுனாமி அதுதான். அடித்தகடு சும்மா இருக்கட்டும், மேலருந்து ஒரு அம்மிக்கல்லைப் போடுங்க. அப்பவும் தண்ணி எழும்பும்லா? தண்ணி இருந்த இடத்தை வேற ஒண்ணு சட்டுனு புடுங்கிக்கிட்டா, தண்ணி எங்கயாவது போய்த்தானே ஆகணும். அம்புட்டுத்தான் விசயம்."

அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். மலை சரிந்து கடலிலோ ஏரியிலோ விழுந்தால் அலை வரும். கடலுக்கு அடியிலும் மலையும் சரிவும் உண்டு, அங்கே சேறு குவிந்து குவிந்து ஒருநாள் மொத்தமாக வழுக்கிப் போகும். மேலே படகில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, கரைக்கு அலை வந்த பிறகுதான் தெரியும். எரிமலை வெடித்தாலும் வரும், வெடிக்காமல் அதன் ஒரு பக்கம் இடிந்து கடலில் விழுந்தாலும் வரும். பனி உறைந்த நாடுகளில், வீடு வீடாக அடுக்கினது போல நிற்கிற பனிச்சுவர் உடைந்து விழுந்து வரும். வானத்திலிருந்து பெரிய கல் கடலில் விழுந்தாலும் வரும், அது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

"எக்கா, அந்த வானத்துலருந்து கல்லு விழுகுறத இன்னொருக்கா போடுங்க" என்றார் மாரி.

"ரோட்டப் பாத்து ஓட்டுப்பா."

"ரோடு எனக்குத் தெரியும்க்கா. கல்லுதான் தெரியாது."

இன்னொரு முறை போட்டேன். எனக்கு எல்லாவற்றிலும் ஆச்சரியமாக இருந்தது கடைசியாகச் சொன்னது. ஒன்றுமே விழாமல், வெறும் காற்றின் அழுத்தத்திலும் வருமாம். புயல் மேகக் கூட்டம் ஒன்று கடலுக்கு மேல் ஓடும்போது அதன் அழுத்தம் தண்ணீரைக் கொஞ்சமாக அமுக்கும். அந்த மேகம் ஓடுகிற வேகமும் அடியில் அலை ஓடுகிற வேகமும் ஒன்றாகிவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது மாதிரி, அலை வளர்ந்துகொண்டே போகும். கரையில் வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம்.

"நிலநடுக்கத்து அலை சமுத்திரத்தையே தாண்டிப் போகும். மண்ணு சரிஞ்சு வர்ற அலை அப்படிப் போகாது, தூரம் போகப் போகச் செத்துரும். ஆனா பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அதுதான் பெருசு. சின்ன ஏரின்னா கரைக்குக் கரை மோதித் திரும்பத் திரும்ப வரும். எச்சரிக்கை கொடுக்கவும் நேரம் இருக்காது" என்று கோமதி முடித்தார். பதிமூன்றாவது வளைவு தாண்டியிருந்தோம். பனிமூட்டம் வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது.

மாரி கியரை மாற்றினார். பிறகு, "யாருக்குக்கா என்ன ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகு மூட்டையை என் மடியிலிருந்து எடுத்துப் பின்னால் போட்டுவிட்டார்.

9.20க்கு மேகமலை. சின்னமனூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுப்பையா அண்ணன் வீட்டுக்கு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தேயிலைக்குள் நடை, கொழுந்து பறிக்கப் போன பெண்களோடு சேர்ந்து போனேன். அட்டைப்பூச்சி இருக்கும், உப்பு கொண்டுபோங்கள். நான் மூன்று அட்டையோடு போய்ச் சேர்ந்தேன். தேயிலைக் காட்டை எத்தனை பேர் எப்படி வர்ணித்தாலும் போதாது. மனுசன் கையால் ஒரு மலையையே இவ்வளவு ஒழுங்காகச் சீவி வைக்க முடியுமா என்று நின்று நின்று பார்த்தேன்.

அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மதினி குமுளிப் பக்கம், மலையாளம் கலந்துதான் பேசுவார். அட்டையைப் பார்த்ததும், "ஐயோ மோளே, இரி இரி" என்று சுண்ணாம்பு வைத்து எடுத்துவிட்டார். கட்டன் காப்பி குடித்துவிட்டு 10.15க்கு அண்ணனோடு தண்ணீருக்குப் போனேன். நீர்த்தேக்கம் நீளமாக, மலைக்கு நடுவில் வளைந்து கிடந்தது. எதிர்க்கரை செங்குத்தான சோலைக்காடு. அதில் ஓரிடத்தில் மட்டும் மரமே இல்லாமல், மேலிருந்து கீழ்வரை சிவப்பாகக் கிழித்த மாதிரி ஒரு தடம்.

இந்தக் கரையில் தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டு, பக்கத்தில் இரும்புக் கைப்பிடி, கடைசியில் அடி அடியாகக் கோடு போட்ட கம்பம். மேல்படியில் நின்றுகொண்டு அண்ணன் எதிர்மலையையே பார்த்தார். வாய் மட்டும் முணுமுணுத்தது. நான் பேச வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்கினார்.

"என்னண்ணே, சாமி கும்பிட்டீகளா?"

"நூறு எண்ணினேன் தங்கச்சி. எதுத்த மலையப் பாத்துக்கிட்டு, காதைக் குடுத்து நூறு எண்ணுவேன். சின்னக் கல்லு ஒண்ணு உருள்ற சத்தம் கேட்டாலும் அன்னைக்கு இறங்க மாட்டேன், மேலருந்தே பாத்து எழுதிருவேன். எல்லாரும் காலடியில வழுக்குமான்னுதான் பாப்பாக. எமன் எதுத்தாப்புல இருக்கான்."

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததை அந்தப் படியிலேயே உட்கார்ந்து சொன்னார். "எட்டு நாளா மழை. அன்னைக்கு வெறிச்சிருந்துச்சு. பாதிப் படி இறங்கிட்டேன். எதுத்தாப்புல லாரில மண்ணு தட்டுற மாதிரி சத்தம். பாத்தா மலை வழுக்குது, மரம் நின்னவாக்குலயே வருது. நமக்கென்ன, அங்கனதான விழுகுது, நாம எதுத்த கரையிலல்ல இருக்கோம்னு நின்னு வேடிக்கை பாத்தேன். அதுதான் நான் பண்ணின தப்பு. தண்ணி மேல ஒரு கோடு கெளம்புச்சு. நுரை இல்ல, சத்தம் இல்ல. கோடு. கிட்ட வர வர அது தடிக்குது. கரைக்கு வந்ததும் எந்திரிச்சிருச்சு தங்கச்சி. இந்தக் கம்பியக் கட்டிப் பிடிச்சேன். தலைக்கு மேல போச்சு. பன்னெண்டு படி ஏறி, அந்தா, அந்தத் தேயிலைச் செடி வரைக்கும் போயித் திரும்புச்சு. போகும்போதுதான் இழுக்குது பாரு, அந்த இழுவைதான் ஆளக் கொல்லும். அப்புறம் இன்னும் ரெண்டு மூணு தடவ வந்துச்சு."

அவர் காட்டிய செடியைப் போய்ப் பார்த்தேன். தண்ணீரிலிருந்து அவ்வளவு உயரம். அதன் தூரில் எதிர்மலைக் காட்டுமரத்தின் காய்ந்த சிராய் ஒன்று இன்னும் சொருகியிருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டேன். பயமாகவும் இருந்தது, கும்பிடத் தோன்றுகிற மாதிரியும் இருந்தது. இவ்வளவு சாதுவாகக் கிடக்கிற தண்ணீருக்கு இவ்வளவு கை நீளுமா.

"சொன்னா நம்புனாகளா அண்ணே?"

"நம்புனாகளா! நனைஞ்சு நடுங்கிக்கிட்டுப் போயி நிக்கிறேன், கூட வேலை பாக்குறவன் வாய ஊதச் சொல்றான். காத்து இல்ல, பூமி ஆடல, அலை எங்கருந்துய்யா வரும், எத்தன ரவுண்டு போட்டன்னு. அவனக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, செடியில தொங்குற செத்த மீனக் காட்டுனேன். அப்புறம்தான் வாய மூடுனான்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பதினோரு மாதத்தில் முதல்முறையாக, அழுகையிலேயே கொஞ்சம் நல்லதும் இருந்தது. அழகுத்தாய் சொன்னது நடக்கும். எங்கள் வீட்டுக்காரர் குடிக்கவில்லை.

முதல் கேள்வி முடிந்தது. இரண்டாவதை வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன். எங்கள் குவாரியை மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினேன். மேடு இங்கே, லாரிப் பாதை அங்கே. அண்ணன் வாயால் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் துணி அலசுகிற சிமெண்டுத் தொட்டிக்குக் கூட்டிப்போனார். பழைய கதவுப் பலகை ஒன்றை ஒரு பக்கம் சாய்த்து வைத்தார். அதுதான் லாரிப் பாதை. என்னை மூன்று கூழாங்கல் பொறுக்கிப் பலகைமேல், தண்ணீர் விளிம்புக்கு மேலே வைக்கச் சொன்னார். எதிர்ப்பக்கம் ஒரு சட்டி ஈர மண்ணோடு நின்றார்.

"எந்தா மனுசா! இப்பத்தான் தொட்டிய உரச்சுக் கழுவி நெறச்சிருக்கு!" என்று மதினி ஓடி வந்தார்.

"தங்கச்சி ஒரு சங்கதி பாக்கணும்டி. நானே கழுவித் தாரேன்."

"இருபத்தேழு வருசமா நீ கழுவுனத நான் கண்டிருக்கேன்!"

முதலில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார். தண்ணீர் கலங்கியது, அவ்வளவுதான். கல் அசையவில்லை. "பாத்தியா. மெதுவா விழுந்தா ஒண்ணுமில்ல. ரெண்டு வண்டி மண்ணா இருந்தாலும் ஒண்ணுமில்ல." பிறகு இன்னொரு சட்டியை நிரப்பி, மொத்தமாக ஒரே கவிழ்ப்பு. தண்ணீர் தொட்டியின் நடுவில் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. பலகையில் ஏறும்போதுதான் உயர்ந்து, நீளமாக ஓடி, என் சேலைவரை வந்து, மூன்று கல்லையும் வழித்துக்கொண்டு உள்ளே போனது. பக்கவாட்டுச் சுவரில் நனைந்தது கொஞ்சம்தான்.

மதினி குனிந்து பலகையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எதுத்த கரைதான் மோசமாண்ணே?"

"ஆமா. நேர் எதுத்த கரை. அதுலயும் சரிவா இருந்தா இன்னும் மேல ஏறும்."

"அவரு பழையபடி மேட்டுப் பக்கமே நின்னிருந்தா?"

அண்ணன் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு கூழாங்கல்லை எடுத்தார். "மேட்டுக்கு நேர அடியில நின்னா மண்ணோட போயிருப்பாக. ஓரமா, பக்கவாட்டுல நின்னிருந்தா…" என்று நிறுத்தினார். "எங்கன நிப்பாக?"

"ஓரமா ஒரு வேப்பமரம் இருக்கு. அதுக்கு அடியில."

"மரம் இப்பவும் நிக்குதா?"

"நிக்குது."

அந்த மரத்தடியில் நின்றிருந்தால் பிழைத்திருப்பார்; அண்ணன் அதை மறைத்துப் பொய் சொல்லவில்லை. அதற்கு நான் அவருக்கு எப்போதும் கடமைப்பட்டவள். ஆறுதலாக எதையாவது சொல்லியிருந்தால் அதை நம்பாமல் இன்னும் பத்து வருடம் அலைந்திருப்பேன். "எனக்கும் தெரியாதுல்ல தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். "தினம் தண்ணியோட கெடக்கிறவன், நானே எதுத்த கரைன்னுதான் நின்னு வேடிக்கை பாத்தேன்."

மதினி என் ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டுக்கொண்டே, "நம்ம ஆள நல்ல இடத்துல போயி நில்லுன்னு நம்மதான சொல்லணும். வேற ஆரு சொல்லும்?" என்றார். பிறகு கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் போட்டார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். பசித்துச் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

2.30க்கு மேலிருந்து பஸ் கிடைத்தது. சின்னமனூருக்கு 4.35, தேனிக்கு 5.30. வீடு வந்து சேர 7.15 ஆனது. போக வரப் பயணச் செலவு, டீ எல்லாம் சேர்த்து இருநூற்றைம்பது ரூபாய்க்குள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயம். சின்னமனூரிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள், நேரத்தை முதல்நாளே பஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் மாறும். ஸ்வெட்டர், உப்பு, குடை வேண்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம், சாவடியில் வாங்கிக்கொள்வார்கள். யானை நடமாட்டம் உண்டு, தனியாகத் தேயிலைக்குள் நடக்காதீர்கள். நான் பகலில், வழி தெரிந்த பெண்களோடு நடந்தேன். மழை பெய்து முடிந்த மறுவாரம்தான் மேகமலை ரொம்ப அழகு, எல்லாரும் அப்போதுதான் போகிறோம். மண் ஊறி நிற்பதும் அப்போதுதான்.

அதனால் மலைக்கு நடுவில் உள்ள ஏரியோ, அணையோ, தண்ணீர் நின்ற குவாரியோ, எதுவானாலும் இறங்குவதற்கு முன்னால் எதிர்க்கரையைப் பாருங்கள். அது செங்குத்தாக இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, புதுமண் தெரிகிறதா, கல் உருள்கிற சத்தம் கேட்கிறதா. இருந்தால் இறங்காதீர்கள். ஏதாவது சரிவதைப் பார்த்தால் போனை எடுத்துப் படம் பிடிக்க நிற்காதீர்கள். அது தூரத்தில்தான் விழுகிறது என்று நினைக்காதீர்கள். மேட்டைப் பார்த்து ஓடுங்கள். ஒரு அலை போய்விட்டது என்று திரும்பியும் இறங்காதீர்கள், கோமதியும் சொன்னார், அண்ணனும் சொன்னார், அது மறுபடி வரும். கடற்கரையிலும் அப்படித்தான். பூமி ஆடவில்லையே என்று தைரியமாக இருக்க வேண்டாம். தண்ணீர் என்றைக்கும் இல்லாமல் உள்ளே வாங்கினால், என்றைக்கும் இல்லாமல் ஏறினால், காரணம் தேடாமல் மேலே போய்விட வேண்டியது.

இதை உங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் எங்கள் ஊரில் சொல்ல வேண்டும் என்று மறுநாள் காலை ஏழு மணிக்குக் குவாரிக்குப் போனேன். பதினோரு மாதமாக அந்தப் பக்கம் போகவில்லை. மேட்டில் பாதி இன்னும் நின்றது, புது வெடிப்போடு. ஐப்பசி பிறக்க மூன்று வாரம்கூட இல்லை. லாரிப் பாதையில், அவர் நின்ற அதே இடத்தில், நாலு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டி இங்கன வந்து துவைக்கிறீக?"

"அந்தப் பக்கம் மேடு சரியும்லக்கா. இதுதான் பத்திரம்" என்றாள் மாடத்தி. பிறகு, "என்ன, மேகமலை போயி சுனாமிப் படிப்புப் படிச்சுட்டு வந்தீகளாமே?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

தொட்டியும் பலகையும் கல்லும் எல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது வேறு. "இதுதான் பத்திரம்னு அவரை இங்கன வந்து நிக்கச் சொன்னது நான்தான் மாடத்தி. மூணு நாள்ல போயிட்டாரு. அவரு குடிக்கல. எம் பேச்சக் கேட்டு வந்து நின்னாரு."

தோட்டத்தில் நின்ற அழகுத்தாய் வேலியோரம் வந்து நின்றாள். மாடத்தி எதிரே மேட்டைப் பார்த்தாள், காலடியில் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு சோப்பு நுரையோடு இருந்த சேலையை அப்படியே சுருட்டி அன்னக்கூடையில் போட்டாள்.

"எங்கன போயி அலச?" என்று கேட்டாள். குரலில் கிண்டல் இல்லை.

"எங்க தோட்டத்துக் கெணத்துல கெடக்குற தண்ணிக்கு மோட்டாரப் போடுறேன். வாங்க."

நாலு பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். அழகுத்தாயும் வந்தாள், துவைக்க அவளிடம் துணி ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பத்து மணி வரைக்கும் மோட்டார் ஓடியது. மறுநாள் ஒன்பது பேர் வந்தார்கள்.